ஆலிவுக்கு வெட்டா, டிரையா

ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் காலை ஆட்டிக் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்களாலும் ஆபத்தில்லை. ஆபத்து முழுவதும் நடுவில் நிற்கிறவர்களால்தான். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் திருப்பூரில் அப்படி நடுவில் நின்றவர்களுக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். நான் அதிலும் ஜூனியர்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு பனியன் வாங்குகிற பையருக்கும், இங்கே அதைத் தைத்துக் கொடுக்கிற கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து மெயில் அடிப்பதுதான் மெர்ச்சண்டைசர் வேலை. எனக்கு மொத்தம் பதினோரு ஆங்கில வாக்கியங்கள் தெரியும். அவற்றையே முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டு எட்டு மாதம் ஓட்டியிருந்தேன். 'தேவையான நடவடிக்கை எடுத்து வருகிறோம்' என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்தது. (எந்தக் கேள்விக்கும் பொருந்தும். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.) கொமரலிங்கத்தில் வயலும் வாய்க்காலுமாக இருந்த குடும்பத்திலிருந்து மேசை நாற்காலி போட்ட வேலைக்கு வந்த முதல் ஆள் நான். ஊருக்குப் போனால் அம்மா பக்கத்து வீட்டாரிடம், "எம்பையன் வெள்ளைக்காரங்ககூடத்தான் பேசறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் அந்த வேலையை நான் என் உயிரைவிட ஒரு படி மேலாகத்தான் வைத்திருந்தேன்.

எங்கள் பையர் கம்பெனியின் தர அதிகாரி ஹென்ரிக். ஐரோப்பாவின் வட கோடியில் ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர். துணியைத் தொட்டுப் பார்த்தே இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். அவரும் அவர் மனைவி மார்த்தாவும் எங்கள் ஆபீஸ் மாடியில் இருந்த கெஸ்ட் ஹவுஸில் ஒரு வருடமாகத் தங்கியிருந்தார்கள். மார்த்தாவுக்குப் பனியன் தொழிலில் ஒன்றும் தெரியாது. எங்கள் குடோனில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் கிடந்த ஒரு பூனைக்குட்டியை எடுத்துப்போய் வளர்த்தார். அதன் கண் பச்சையும் பழுப்புமாக இருந்ததால் ஆலிவ் என்று பெயர் வைத்தார்.

அந்த சீசனில் நாங்கள் ஹென்ரிக்குக்குத் தைத்துக்கொண்டிருந்த பனியன்கள் மூன்று கலர். ரஸ்ட், நேவி, ஆலிவ்.

ஆக, எங்கள் கட்டடத்தில் இரண்டு ஆலிவ்கள் இருந்தன. மாடிப்பக்கமே போகாத எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

கணவனும் மனைவியும் மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போனார்கள். அவர்கள் போன நான்காம் நாள் என் சீனியர் சண்முகம் அண்ணன் தன் கல்யாணத்துக்காக மடத்துக்குளம் போனார். போகிற அவசரத்தில் என் மேசையில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'ஆலிவ் - தினமும் பார்க்கவும். எடை குறைகிறது. வெட், டிரை இரண்டில் எது என்று முடிவு பண்ணி மெயிலுக்குப் பதில் போடவும். ரொம்ப முக்கியம்.'

பூனை வளர்ப்பவர்களுக்கு இந்தச் சீட்டு உடனே புரியும். பூனைக்கான கடைச் சாப்பாட்டில் இரண்டு வகை. கொழகொழவென்று டப்பாவில் வருவது வெட். கடலைப்பருப்பு அளவில் மொறுமொறுவென்று பையில் வருவது டிரை. மார்த்தா இரண்டையும் வாங்கி வைத்து, பூனையைச் சண்முகம் அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

பனியன் கம்பெனிக்காரனுக்கும் இந்தச் சீட்டு உடனே புரியும். அதுதான் வினை. துணிக்கும் எடை உண்டு. ஒரு சதுர மீட்டர் இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று பையர் சொல்லிவிடுவார். எங்கள் ஆலிவ் துணி அதில் பன்னிரண்டு கிராம் குறைவு. சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பார்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் டிரை, நனைத்துத் தேய்த்தால் வெட். இரண்டுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் உண்டு. டிரையில் எங்கள் ஆலிவ் நான்கு வாங்கி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. வெட்டில் இரண்டு, இரண்டரை என்று தேறாமல் நின்றது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அண்ணன் எவ்வளவு சுருக்கமாக, தெளிவாக எழுதியிருக்கிறார் என்று அவர் எழுத்தை மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஹென்ரிக்கின் மெயில் முகவரியிலிருந்து கடிதம் வந்தது. (கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே முகவரி. விடுமுறையில் ஹென்ரிக் ஏரியில் தூண்டில் போடுவாரே தவிர கம்ப்யூட்டரைத் தொட மாட்டார் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.) 'ஆலிவ் எப்படி இருக்கிறாள்? அவள் எடையை நினைத்தால் கவலையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தது.

துணியை 'அவள்' என்று அழைத்த அந்தப் பண்பாடு என்னை அசத்திவிட்டது. கப்பலை அவள் என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். தொழிலை எவ்வளவு நேசித்தால் ஒரு மனிதர் பனியன் துணியையும் அப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்து நினைத்து உருகினேன். நானும் அந்த அளவுக்கு உயர விரும்பி, 'அவள் எடை குறைவாகத்தான் இருக்கிறாள். தேவையான நடவடிக்கை எடுத்து வருகிறோம்' என்று எழுதினேன்.

அடுத்த மெயில்: 'வெட் நல்லதா, டிரை நல்லதா? இரண்டையும் பார்த்தீர்களா?'

என் பதில்: 'பார்த்தோம். டிரை நான்கு. வெட் இரண்டு அல்லது இரண்டரை. வெட் மோசம்.'

அடுத்தது: 'அப்படியானால் வெட் வேண்டாம். டிரை மட்டும் போதும்.'

இதைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வெட்டில் தேறாத துணியைப் பார்த்து, 'வெட் வேண்டாம், டிரை மட்டும் போதும்' என்று சொன்ன பையரைத் திருப்பூர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஹென்ரிக் அரை மார்க்குக்கு அரை நாள் சண்டை போடுகிறவர். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சலுகை. மெயிலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன்.

எங்கள் முதலாளி யாரையும் ஒருமையில் பேசாதவர். மெஷின் பழுதானால்கூட அதை நீங்க வாங்க என்றுதான் அதட்டுவார். பிரிண்டை இரண்டு தடவை படித்தார்.

"இத ஹென்ரிக்கே எழுதுனாருங்களா?"

"அவரேதானுங்க."

"எப்படிங் கண்ணு சம்மதிக்க வச்சீங்க?"

"உள்ளத உள்ளபடி எழுதுனேனுங்க."

"கெட்டிக்காரருங்க நீங்க. சேரி, கட்டிங் போடச் சொல்லிருங்க."

அன்று மதியமே ஆலிவ் துணி முழுவதும் கட்டிங் மேசைக்குப் போனது. எனக்கு நடை மாறிவிட்டது. கேன்டீனில் டீ குடிக்கும்போது சுண்டு விரலைத் தனியாக நீட்டிக்கொண்டு குடித்ததாக ஞாபகம்.

மாலையில் இன்னொரு மெயில் வந்தது: 'அவள் முடி எப்படி இருக்கிறது? கொட்டுகிறதா?'

பருத்தித் துணியின் மேல் பூனைமுடி போலத் தூசு நிற்கும். அதை நாங்களும் முடி என்றுதான் சொல்வோம். அதைப் போக்க நொதி கலந்த வெந்நீரில் துணியை ஊறவைப்பது வழக்கம். நான் பெருமையோடு எழுதினேன்: 'முடி நிறைய இருந்தது. ஐம்பத்தைந்து டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்தோம். இப்போது முடியே கிடையாது.'

காலையில் வந்து பார்த்தால் பதிலாக மூன்று கேள்விக்குறிகள் மட்டும் இருந்தன. வேறு எழுத்தே இல்லை. அவர் திருப்தியில் பேச்சற்றுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பேச்சற்றுப் போனது உண்மைதான்.

அந்தச் சூட்டோடு சூடாக என் வாழ்க்கையிலேயே நீளமான ஆங்கில மெயிலை எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கவலை வேண்டாம். வெந்நீரில் போட்டதில் ஆலிவ் ஐந்து சதவீதம்தான் சுருங்கியிருக்கிறாள். லேசாக இடப்பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறாள், அது இயற்கை. நேற்று மதியம் அவளை வெட்டி முடித்துவிட்டோம். பீஸ் எல்லாம் சுத்தமாக வந்திருக்கிறது. உங்கள் பார்வைக்கு நான்கு பீஸ் கூரியரில் அனுப்பியிருக்கிறோம். ரஸ்ட், நேவி இருவரையும் நாளை வெட்டுகிறோம்.'

(மார்த்தா தன் பூனையோடு இன்னும் இரண்டு பேர் எங்களிடம் மாட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து அவர்களுக்காகவும் சேர்த்து அழுதாராம்.)

ஒரு மணி நேரத்தில் முதலாளிக்குப் போன் வந்தது. ஹென்ரிக்கின் ஊரிலிருந்து வந்த போன் என்பதால் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் போனபோது அவர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். உள்ளிருந்து ஒரு பெண்ணின் அழுகை வந்துகொண்டிருந்தது.

அவர் வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு என்னிடம், "அந்தம்மா பீஸ் பீஸுன்னு அழுகுதுங்க. நாலு பீஸ் பத்தாதாட்ட இருக்குது" என்றார். பிறகு போனில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மிகவும் பரிவாக, "மேடம், நோ க்ரை. மோர் பீஸ் வில் கிவ். ஹவ் மெனி பீஸ் யூ வான்ட்?" என்று கேட்டார்.

அழுகை நின்றுவிட்டது. பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதன் பின் ஹென்ரிக் போனை வாங்கினார். அவர் பேசப் பேச முதலாளியின் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது, அப்புறம் சிரிப்பு வரப் பார்த்து அடங்கியது, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போனது. கடைசியாக வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. போனை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஏங் கண்ணு, ஆலிவுங்கறது ஆருன்னு தெரியுங்களா?"

"கலருங்க."

"பூனைங்க."

நான் எழுதிய ஒவ்வொரு வரியும் புது அர்த்தத்தோடு ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. இடப்பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்ற வரி வந்தபோது நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"சேரி, பூன உசுரோட இருக்குதுங்களா?" என்றார் முதலாளி. இரண்டு பேரும் மாடிக்கு ஓடினோம்.

ஆலிவ் உயிரோடுதான் இருந்தது. ஆனால் கட்டிலடியில் சுருண்டு கிடந்தது. மாடியைப் பெருக்க வரும் அம்மாள் தினமும் தட்டில் டிரையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது சாப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டியது யாருடைய வேலை என்பது என் மேசையில் இருந்த சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தது. தட்டில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. அதற்கு மேல் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. இந்தச் சின்ன உயிரின் எடையைப் பற்றித்தான் அந்த அம்மா தினமும் கேட்டிருக்கிறார். நான் தினமும் துணியைத் தராசில் போட்டிருக்கிறேன்.

மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினோம். டாக்டர் ஊர் ஊராகத் தடுப்பூசி போடப் போயிருந்தார், வர இரண்டு நாள் ஆகும். "பூன பட்டினி கெடக்கக் கூடாதுங்க, எப்படியாச்சும் எதையாச்சும் திங்க வையுங்க" என்று மட்டும் அங்கே போனை எடுத்தவர் சொன்னார். பூனை உயிரோடுதான் இருக்கிறது என்று முதலாளி சொன்னதும், மார்த்தா விடுமுறையை முறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். அன்றைக்கு வியாழன்.

"கண்ணு, ஞாயித்துக்கிழம அந்தம்மா வர்றப்ப இந்தப் பூன நாலு காலுல நிக்கோணும். நின்னா நீங்களும் இங்க நிக்கலாமுங்க" என்றார் முதலாளி. அவர் பேசியதிலேயே கடுமையான வார்த்தை அதுதான். அன்றிலிருந்து என் வேலை அந்தப் பூனையின் வயிற்றில் இருந்தது.

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன். நோட்டில் கோடு போட்டு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் தயார் செய்தேன். முதல் பத்தி டிரை, இரண்டாவது வெட், மூன்றாவது இரண்டும் கலந்தது, கடைசிப் பத்தியில் ஏற்பு அல்லது நிராகரிப்பு. டிரையைத் தட்டில் வைத்தேன். பூனை முகர்ந்தது, ஒன்றை வாயில் எடுத்தது, கீழே போட்டது. நிராகரிப்பு. ஃபிரிட்ஜிலிருந்து வெட் டப்பாவை எடுத்து ஒரு கரண்டி வைத்தேன். மூக்கைக்கூடக் கொண்டுபோகாமல் திரும்பிக்கொண்டது. நிராகரிப்பு. கலந்து வைத்தபோது தட்டின் ஓரத்தில் தரையைப் பறிப்பது போல ஒரு காலால் பறித்துக் காட்டிவிட்டுப் போனது. (பூனைகள் எதற்காக அப்படிப் பறிக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே எழுத வேண்டாம்.)

பயத்தின் நடுவிலும் எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது. நான் எத்தனையோ பையர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் ஏதாவது ஒரு இடத்தில் விட்டுக்கொடுப்பார்கள். எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு, பசியோடு, தனக்கு ஒத்துவராததை ஒத்துவராது என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால் முதல் மெயிலிலேயே, 'எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் விளக்குங்கள்' என்று எழுதியிருப்பேன். அது என் பதினோரு வாக்கியங்களில் இல்லை.

முதலாளி தன் பங்குக்கு ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் வரவழைத்தார். "நம்மூரு வெண்ணையத் திங்காத ஜீவன் உண்டுங்களா?" என்று அவரே உருட்டி வைத்தார். பூனை அவருக்காக ஒரு நக்கு நக்கியது. முதலாளிக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பது அதற்கும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் என் ரிப்போர்ட்டில் பதினாறு நிராகரிப்புகள் சேர்ந்துவிட்டன. பூனை இப்போது கட்டிலடியிலிருந்து வெளியே வருவதையே நிறுத்தியிருந்தது. நான் தரையில் குப்புறப் படுத்து, அதைப் பார்த்து, "இங்க பாரு சாமி, எவ்வளவு நல்லா இருக்குது" என்று சொல்லி ஒரு டிரையை எடுத்து என் வாயில் போட்டு மென்று காட்டினேன். குழந்தைக்கு அம்மா சாப்பிட்டுக் காட்டுவதில்லையா, அந்த முறை. உப்பில்லாத மீன் பிஸ்கட் போல இருந்தது.

"என்ன சார், பூனைச் சோத்தையா திங்கிய?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

செக்கிங் செக்‌ஷன் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வேலைக்கு வந்தவர், என் வயதுதான் இருக்கும். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, முன்னால் பின்னால் பார்த்து, உள்ளே வெளியே திருப்பி, ஒரு கண் தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்து அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. அவர் ஒட்டிய ஸ்டிக்கர் தப்பு என்று ஹென்ரிக்கே சொன்னதில்லை. கீழே கம்பெனி முழுவதும் பூனைக் கதை பரவி, எல்லோரும் சிரித்து முடித்திருந்தார்கள். பார்த்துவிட்டுப் போகலாம் என்று மேலே ஏறி வந்தவர் அவர் ஒருவர்தான்.

எழுந்து உட்கார்ந்து என் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"பேப்பர்ல என்ன இருக்கு சார்? பீஸப் பாத்தியளா?"

"பீஸுங்களா?"

"பூனையச் சொல்லுதேன். ரெண்டு நாளா சோத்தயே செக் பண்ணிட்டிருக்கிய. திங்கிற பிள்ளைய செக் பண்ணலியே."

அவர் தோளில் கிடந்த ஒரு ரிஜெக்ட் பனியனை எடுத்துக் கட்டிலடியில் கை விட்டு, பூனையை அதில் சுருட்டி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். பூனை திமிறவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்தார். காது, கண், வயிறு என்று பனியனைப் பார்க்கிற அதே வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டைவிரலால் வாயின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். நான் என் கண்ணால் பார்த்தவரை ஒன்றும் தெரியவில்லை.

"இங்கன பாருங்க. கீழ்ப்பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கு. ஈறு செவந்து கெடக்கு. மொறுமொறுன்னு குடுத்தா எப்படிக் கடிக்கும்?"

"வெட்டும் வச்சுப் பாத்தேனுங்க. அதையும் திங்கலீங்களே."

அவர் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். "ஐஸு மாரி இருக்கு. பல்லு வலிக்காரிக்கு ஐஸக் குடுத்தா வாயத் தொறப்பாளா?" என்றார். அவரும் அவள் என்றுதான் சொன்னார். அந்த அறையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்து பேசிய முதல் ஆள் அவர்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பத்து நிமிடம் நான் பின்னாலேயே போய்க் கை கட்டி நின்று பார்த்தேன். ஒரு சில்வர் கிண்ணத்தில் இரண்டு கரண்டி வெட் எடுத்துக்கொண்டு கீழே அயர்னிங் செக்‌ஷனுக்குப் போனார். அயர்ன் போடுகிறவரிடம் சொல்லி, கிண்ணத்தின் அடியில் மட்டும் நீராவி படும்படி பிடித்துக்கொண்டார். விரலை வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம். மறுபடி விரலை வைத்துப் பார்த்தார். சூடு இறங்கி உடம்புச் சூட்டுக்கு வந்ததும், சாப்பாட்டை மாவு போல மசித்து எடுத்துவந்து கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் பாருங்க சார். ஆளு உத்துப் பாத்துட்டே இருந்தா யாருதான் திம்பா?" என்றார்.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் சளப் சளப் என்று சத்தம் வந்தது. என் இத்தனை வயதில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். சுவரைப் பார்த்தபடியே எனக்குக் கண் கலங்கியது. வேலை தப்பித்ததற்காக என்று அப்போது நினைத்தேன். முழுவதும் அதற்காக இல்லை.

மாட்டு டாக்டர் சனிக்கிழமை வந்து அந்தப் பல்லைப் பிடுங்கினார். "ஆரு கண்டுபிடிச்சதுங்க?" என்று கேட்டார். நான் ஜெசிந்தாவைக் கை காட்டினேன். அந்த வாரத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மார்த்தா வந்து இறங்கினார். பூனை நான்கு காலில் நின்றது மட்டுமில்லாமல், மாடிப்படி வரை வந்து அவர் காலில் முதுகைத் தேய்த்தது. அவர் அதைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஜெசிந்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் முன்னால் வந்து நின்றபோது நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியத்தை ஆரம்பித்தேன். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்து, பூனையை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இடி அதற்குப் பிறகுதான். மனைவியோடு திரும்பி வந்திருந்த ஹென்ரிக் எல்லா மெயில்களையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். முதலாளியும் நானும் எதிரில் உட்கார, ஒவ்வொன்றாகத் துணியின் கண்ணோட்டத்தில் படித்தார். எடை குறைவு. வெட் மோசம். ஐந்து சதவீதம் சுருங்குகிறது. இடப்பக்கம் முறுக்குகிறது. முதலாளி மெல்ல என் பக்கம் சாய்ந்து, "இதையெல்லாமுமா கண்ணு எழுதிப்போட்டீங்க?" என்று முனகினார். எந்தக் கம்பெனியும் பையரிடம் இப்படி வரிசையாக ஒப்புக்கொள்ளாது. பூனையால் தப்பித்த வேலை துணியால் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஹென்ரிக் கண்ணாடியைக் கழற்றினார். திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து தனக்கு வந்த எல்லா மெயிலிலும் 'எல்லாம் சரி சார்' என்றுதான் இருந்தது, குறையை எழுதிய மெயில் இது ஒன்றுதான், அதுவும் தன் மனைவியின் பூனைக்குப் போய்விட்டது என்றார். பிறகு பேனாவை எடுத்து, அந்தத் துணியை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். தைத்து முடித்த பீஸ்களை இன்னொரு முறை சாயம் பிடிக்க வைத்ததில் வெட் மூன்றைத் தொட்டுத் தேறிவிட்டது. எடைக்கு அவரே தன் ஆபீஸில் பேசிச் சலுகை வாங்கினார். இது அவர் பெருந்தன்மை. அன்றிலிருந்து ஷிப்மென்ட்டுக்கு முன்னால் கடைசியாகப் பார்ப்பது ஜெசிந்தாவாக இருக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். இரண்டே வருடத்தில் ஜெசிந்தா செக்கிங் செக்‌ஷனுக்கே தலைமைக்கு வந்தார். அவர் கையெழுத்துக்காக நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். நிற்பதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கே போய் நேரில் விசாரித்துவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். காங்கேயம் பக்கமிருந்து வந்த என் வருங்கால மாமனாரை முதலாளி உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, என்னைப் பற்றி நல்ல விதமாக அரை மணி நேரம் சொல்லியிருக்கிறார். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, தங்கமான பையன். கடைசியில், உள்ளதை மறைக்கக் கூடாது என்று, "ஒரே ஒருக்கா வெள்ளக்காரம்மா பூனைய வெட்டிப் பீஸ் போட்டுக் கூரியர்ல அனுப்பறேன்னு எழுதிப்போட்டாருங்க. மத்தபடி ஒரு கொற சொல்ல முடியாதுங்க" என்று முடித்திருக்கிறார்.

மாமனார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். வீட்டில் இந்த இடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். காரணம் கேட்ட பெண், முழுக் கதையும் தெரிந்தால்தான் வேண்டாம் என்பேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். அதனால் நான் ஒரு நாள் காங்கேயம் போய், மாமனார், மாமியார், இரண்டு மச்சான்மார் முன்னால் உட்கார்ந்து, மெயில் மெயிலாக இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்தது. மாமனார் முகத்தில் ஈ ஆடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பூனை சாப்பிடும் சத்தத்தைக் கேட்ட இடம் வந்ததும், கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பெண், "எனக்குச் சம்மதமுங்க" என்றாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இன்றுவரை அது அமலில் இருக்கிறது. ஆபீஸ் மெயிலோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டரோ, நான் ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் அனுப்பும் முன் அவளிடம் காட்ட வேண்டும். அவளுக்கு என்னைவிடக் குறைவாகத்தான் ஆங்கிலம் தெரியும். அதனால் அவள் படிப்பதில்லை. கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"ஏனுங்க, இதுல ஆரும் சாவுலீங்களே?"

நான் வாங்கி இன்னொரு தடவை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.